வாயினுள் தோன்றும் கரும்புள்ளிகள்: தீங்கற்றவற்றை அறிவது எப்படி?

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் விலை பேசமாட்டார். பல்லைக் கொண்டு வயதையும், நாக்கையும் ஈறுகளையும் கொண்டு உடல்நலத்தையும் அறியும் பழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் அதே விவசாயி தம்முடைய வாயை ஒரு முறையேனும் கண்ணாடியின் முன் திறந்து பார்த்திருப்பாரா என்பது ஐயமே. பல்வலி வந்தாலொழிய வாயைப் பற்றி நாம் நினைப்பதில்லை.

ஒரு நாள் பல் துலக்கும்போது ஈறுகளிலோ, உதட்டிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ ஒரு கரும்புள்ளி தற்செயலாகக் கண்ணில் படுகிறது. உடனே, இது புற்றுநோயோ என்ற அச்சம் பிறந்துவிடுகிறது. சிலர் அதனை வெளியில் சொல்லாமல் மனத்திற்குள் வைத்துப் புழுங்குகின்றனர். சிலர் சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்களை வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கின்றனர். வேறு சிலரோ, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய மாறுதல்களைக்கூட "சூடு" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். இம்மூன்றும் தவறான வழிகளே.

வாயினுள் காணப்படும் கருநிறப் புள்ளிகளிற் பெரும்பாலானவை எவ்விதத் தீங்கும் செய்யாதவை. எனினும் தீங்கற்றது எது, தீங்குள்ளது எது என்று பகுத்தறிவதற்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவ்விவரங்களைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருநிறம் எவ்வாறு உண்டாகிறது?

நம் தோலுக்கு நிறம் அளிப்பது மெலனின் என்னும் நிறமிப் பொருள். தோலின் அடிப்படலத்தில் அமைந்துள்ள சில தனிவகை உயிரணுக்கள் இதனை உற்பத்தி செய்கின்றன. வெயிலின் கொடுமையிலிருந்து உடலைக் காப்பது இதன் வேலை. வெள்ளைத் தோல் உடையவர்க்கும் கருந்தோல் உடையவர்க்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை எவ்வளவு சுறுசுறுப்பாக நிறமியை உண்டாக்குகின்றன என்பதில்தான் வேற்றுமை உள்ளது. ஒரே அளவுள்ள இரண்டு வயல்களில் ஒன்று அதிக விளைச்சலும் மற்றொன்று குறைந்த விளைச்சலும் தருவதைப் போன்றது இது.

வாயின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்விலும் இதே உயிரணுக்கள் உள்ளன. ஆதலால் வெயில் படாத வாயினுள்ளும் கருநிறம் தோன்றக்கூடும். மெலனின் சவ்வின் மேற்பகுதியில் இருந்தால் பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரியும். ஆழத்தில் இருந்தால் நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். மெலனினைத் தவிர இரத்தமும், வெளியிலிருந்து புகுந்த உலோகத் துகளும்கூட வாயில் கருமையாகத் தோன்றுவதுண்டு. எனவே, நிறம் எதனால் வந்தது என்று அறிவதே முதற்படியாகும்.

இயல்பான கருமை

நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இயல்பாகவே அமைந்த ஈறுக் கருமை. இது சிறு பிராயத்திலேயே தோன்றிவிடும். பல்லை ஒட்டிய உறுதியான ஈற்றுப் பகுதியில், பட்டை போட்டாற்போல், இடப்புறமும் வலப்புறமும் பெரும்பாலும் ஒத்திருக்கும். கன்னத்தின் உட்புறத்திலும், அண்ணத்திலும், நாக்கிலும்கூட இக்கருமை படர்ந்திருக்கலாம். தொட்டுப் பார்த்தால் சுற்றியுள்ள இடத்தைப் போலவே மெத்தென்றும் வழவழப்பாகவும் இருக்கும். வலியில்லை, தடிப்பில்லை, இரத்தக் கசிவில்லை. இது நோயன்று, சிகிச்சையும் தேவையில்லை.

ஈறு சிவப்பாக இருந்தால்தான் ஆரோக்கியம் என்று பலர் கருதுகின்றனர். ஈறுகளின் ஆரோக்கியத்தை நிறத்தைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. கறுத்த ஈறு உறுதியாக, வீக்கமின்றி, துலக்கும்போது இரத்தம் கசியாமல் இருந்தால் அது நல்ல ஈறே. சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் வடியும் ஈறே நோயுற்ற ஈறு.

கருநாக்கு

நாக்கில் கரும்புள்ளி உள்ளவர்களைக் "கருநாக்குக்காரர்" என்று சொல்லி, அவர்கள் வாயிலிருந்து வரும் தீச்சொல் பலித்துவிடும் என்று அஞ்சும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. நல்ல காரியத்திற்குப் புறப்படும்போது அத்தகையவர் எதிரில் வரலாகாது என்றும், பயிரைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லலாகாது என்றும் கூறுவோர் உண்டு. இதனால் குற்றமற்ற பலர், அதிலும் பெண்கள், வீண் பழிக்கு ஆளாகின்றனர்.

உண்மை யாதெனில், நாக்கின் மேற்பரப்பில் காளான் வடிவில் அமைந்துள்ள சிறு மொட்டுகளில் மெலனின் சேர்வதால் இப்புள்ளிகள் உண்டாகின்றன. நாக்கின் நுனியிலும் ஓரங்களிலும் கடுகைத் தூவினாற்போல் இவை காணப்படும். கருந்தோல் உடைய மக்களிடையே இது சாதாரணம். சில பசுக்களின் நாக்கிலும் அண்ணத்திலும் காணும் கருமையைப் போன்றதே இதுவும். சொல்லுக்கும் இந்நிறத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நாக்கின் பின்பகுதியில் மயிர் முளைத்தாற்போல் கருமை படர்வது வேறொன்று. நாக்கின் நுண்ணிய இழைகள் உதிராமல் நீண்டு, அவற்றில் உணவின் நிறமும் கிருமிகளும் தங்குவதால் இது ஏற்படுகிறது. புகை பிடிப்போரிடமும், கிருமிக்கொல்லி மருந்துகளை நெடுநாள் உட்கொண்டோரிடமும், நாக்கைச் சுத்தம் செய்யாதவரிடமும் இதனைக் காணலாம். புகையை நிறுத்தி, நாள்தோறும் நாக்கை மென்மையாக வழித்து வந்தால் மறைந்துவிடும்.

தனித்த புள்ளியும் மச்சமும்

ஈறு முழுவதும் பரவாமல், ஓரிடத்தில் மட்டும் தனித்துத் தோன்றும் புள்ளி ஒன்று உண்டு. இது தட்டையாக, ஓரம் தெளிவாக, ஒரே சீரான பழுப்பு அல்லது கறுப்பு நிறத்துடன் இருக்கும். பெரும்பாலும் 7 மில்லிமீட்டருக்கு மேற்படாது. கீழுதட்டில் மிகுதியாகவும், கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் ஆகிய இடங்களில் அதற்கடுத்த அளவிலும் காணப்படும். ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகம். தோன்றியபின் வளர்வதில்லை. இது தீங்கற்றது.

உடலில் மச்சம் இருப்பதைப் போல வாயினுள்ளும் மச்சம் இருக்கலாம். ஆனால் அது அரிது. பெரும்பாலும் சற்று மேடாக, அண்ணத்திலோ ஈறுகளிலோ காணப்படும். அண்ணத்தில் நீல நிற மச்சம் தோன்றுவதும் உண்டு. இவையும் தீங்கற்றவையே. ஆயினும், வெறும் பார்வையால் மட்டும் இவற்றை ஆபத்தான புள்ளியிலிருந்து பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் கடினம். ஆகையால், வயது வந்தபின் புதிதாகத் தோன்றிய, காரணம் புலப்படாத தனிப்புள்ளியை முழுமையாக எடுத்து நுண்பெருக்கியால் சோதித்துவிடுவதே உசிதம் என்று பல் மருத்துவர்கள் கருதுகின்றனர். அண்ணத்திலும் மேல் ஈறுகளிலும் தோன்றும் புள்ளிகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

வெளியிலிருந்து புகுந்த நிறம்

சொத்தைப் பல்லை அடைப்பதற்கு வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றைப் பாதரசத்துடன் சேர்த்த கலவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. அவ்வாறு அடைக்கும்போதோ, பழைய அடைப்பைக் குடைந்தெடுக்கும்போதோ, சில துகள்கள் ஈறுகளிலோ கன்னத்திலோ புகுந்து தங்கிவிடுவதுண்டு. பச்சை குத்தியதைப் போல நீலம் கலந்த சாம்பல் நிறப் புள்ளி அங்கே நிலைத்துவிடும். அருகில் அடைத்த பல் இருப்பதோ, முன்பு இருந்து பிடுங்கப்பட்டதோ இதற்கு நல்ல அடையாளம். துகள் சற்றுப் பெரிதாக இருந்தால் எக்ஸ்ரே படத்தில் வெண்புள்ளியாகத் தெரியும். அவ்வாறு தெரிந்தால் வேறு சோதனை வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுவதால், அதன் கரிமுனை ஒடிந்து அண்ணத்தில் தங்கிவிடுவதும் உண்டு. காயம் ஆறியபின் கரும்புள்ளி மட்டும் எஞ்சும். ஆண்டுகள் பல சென்றபின் அதனைக் காண்பவர் காரணம் தெரியாமல் கலங்குவர். இளமையில் அத்தகைய விபத்து நேர்ந்ததா என்று விசாரித்தால் உண்மை வெளிப்படும்.

வெற்றிலைக் காவி, நாவற்பழச் சாயம், இரும்புச் சத்துள்ள திரவ மருந்தின் கறை முதலியன வாய் கொப்பளித்து, சுத்தமான துணியால் துடைத்தால் பெரும்பாலும் நீங்கும், அல்லது குறையும். ஆகவே எந்தப் புள்ளியையும் துடைத்துப் பார்க்காமல் முடிவு செய்யலாகாது.

இரத்தக் குழாய்ப் புள்ளிகள்

முதியோரின் நாக்கின் அடியில் நாவற்பழ நிறத்தில் சிறு முடிச்சுகள் வரிசையாகத் தெரியலாம். இவை விரிந்த இரத்த நாளங்களே. கீழுதட்டிலும் இத்தகைய நீலப் புடைப்பு தோன்றுவதுண்டு. விரலால் மெதுவாக அழுத்தினால் நிறம் வெளுத்து, விட்டதும் திரும்பி வரும். மருத்துவர்கள் ஒரு கண்ணாடித் தகட்டால் அழுத்தி இதனைச் சோதிப்பர். மெலனின் புள்ளியோ உலோகப் புள்ளியோ அழுத்தினால் வெளுக்காது. இரத்தப் புடைப்பை ஊசியால் குத்துவதோ வெட்டுவதோ பெரும் இரத்தப்போக்கில் முடியக்கூடும். அதனை ஒருபோதும் செய்யலாகாது.

குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் இடத்தில் நீல நிற வீக்கம் தோன்றுவதும் இத்தகைய தீங்கற்ற மாறுதலே. பல் வெளிவந்தவுடன் அது தானே வடிந்துவிடும்.

புகை, மருந்து, உலோகம்

பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவற்றின் புகை வாயின் நிறமி உயிரணுக்களைத் தூண்டுகிறது. இதனால் முன்பற்களை அடுத்த ஈறுகளில் கருமை மிகும். புகையை நிறுத்திய சில மாதங்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் இது படிப்படியாகக் குறைந்துவிடும். இக்கருமை புற்றுநோயாக மாறுவதில்லை. எனினும், புகை வாயைத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி. அதே புகைதான் கருமையில்லாத இடங்களில் புற்றுநோயை விளைவிக்கிறது.

ஆந்திரக் கடற்கரையில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் முதலிய பகுதிகளில் சுருட்டின் நெருப்பு முனையை வாயினுள் வைத்துப் புகைக்கும் வழக்கம் சில பெண்களிடையே இருந்து வந்துள்ளது. இவர்களுடைய அண்ணத்தில் கருமையும், நிறமிழந்த வெண்திட்டுகளும், சிவந்த இடங்களும் ஒருங்கே காணப்படுவதை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் விவரித்திருக்கின்றனர். அண்ணத்தில் புற்றுநோய் பிற இடங்களில் அரிதாயிருக்க, இவர்களிடையே மிகுதியாக உள்ளது. நிறமாற்றத்திற்குக் காரணமான பழக்கத்தை விசாரித்தறிவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

சில மருந்துகளும் வாயைக் கறுக்கச் செய்யும். மலேரியாவுக்குத் தரப்படும் குளோரோகுயின், மூட்டுவாதத்திற்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவற்றை நெடுநாள் உட்கொண்டால் அண்ணத்தில் நீலச் சாம்பல் நிறம் படரலாம். மினோசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லியும், தொழுநோய்க்குத் தரப்படும் குளோபாசிமினும் நிறமாற்றம் உண்டாக்குபவை. நிறம் மாறியதென்று மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. கொடுத்த மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

காரீயம் உடலில் சேர்ந்தால், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நீலக் கருங்கோடு ஒன்று தோன்றுவதுண்டு. 1840-ஆம் ஆண்டில் இதனை விளக்கிய ஆங்கில மருத்துவர் பர்ட்டனின் பெயரால் இக்கோடு வழங்கப்படுகிறது. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் தொழிலில் ஈடுபட்டோரிடம் இக்கோடு காணப்பட்டால், வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை ஆகியவையும் உள்ளனவா என்று பார்த்து, இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்செம்பு வெள்ளீயத்தால் ஆவது. இங்குக் கூறப்படுவது காரீயம் என்பதை நினைவிற் கொள்க.

உடல்நோயை அறிவிக்கும் கருமை

புள்ளி தீங்கற்றதாயிருந்தும், அது உடலினுள் மறைந்துள்ள நோயைக் காட்டிக்கொடுப்பதுண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் இங்குக் கூறுவோம்.

முதலாவது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் செயலிழப்பது. 1855-ஆம் ஆண்டில் தாமஸ் அடிசன் என்னும் மருத்துவர் இந்நோயை விவரித்தார். காசநோய்க் கிருமிகள் இச்சுரப்பிகளைத் தாக்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம். முன்பு இல்லாத கருமை வாய் முழுவதும் திட்டுத் திட்டாகப் படரும். உள்ளங்கை ரேகைகளும், விரல் கணுக்களும், பழைய தழும்புகளும் கறுக்கும். இவற்றுடன் தீராத களைப்பு, உடல் இளைப்பு, எழுந்து நின்றால் மயக்கம், உப்பின்மேல் மிகுந்த ஆசை ஆகியவை சேர்ந்திருந்தால் காலம் தாழ்த்தலாகாது. காலையில் எடுக்கும் இரத்தச் சோதனையால் இதனைக் கண்டறியலாம். கவனியாது விட்டால் உயிருக்கு ஆபத்து; மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டால் நலமாக வாழலாம்.

இரண்டாவது, குழந்தைப் பருவத்திலேயே உதடுகளைச் சுற்றியும், கன்னத்தின் உட்புறத்திலும், விரல்களிலும் எள் இறைத்தாற்போல் புள்ளிகள் தோன்றுவது. இதனை 1921-இல் பியூட்ஸ் என்பவரும், 1949-இல் ஜெகர்ஸ் முதலியோரும் விவரித்தனர். இப்பிள்ளைகளின் குடலில் சதை முளைகள் வளர்வதால் அடிக்கடி வயிற்று வலியும், குடல் அடைப்பும், மலத்தில் இரத்தமும் ஏற்படலாம். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வயிற்று வலியால் அவதிப்படும் பிள்ளையின் உதட்டைப் பார்ப்பது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

மூன்றாவது, பி-12 என்னும் வைட்டமின் குறைவு. விரல் கணுக்கள் கறுத்து, சிலருக்கு வாயிலும் கருமை தோன்றும். நாக்கு எரிச்சல், சோகை, கை கால் மரத்துப்போதல் ஆகியவை உடன் இருக்கும். தக்க சிகிச்சையால் கருமை மறைகிறது.

சோதிக்கும் முறை

மாதம் ஒரு முறை, காலை வெளிச்சத்தில், கைக்கண்ணாடியுடன் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, பொய்ப்பல் இருந்தால் எடுத்துவிட்டு, உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், மேல் கீழ் ஈறுகள், நாக்கின் மேற்புறம், ஓரங்கள், அடிப்பாகம், கடைசியாக அண்ணம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். புள்ளி காணப்பட்டால் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை தேடவேண்டும்.

1. துடைத்தால் போகிறதா? போனால் அது கறையே.

2. அழுத்தினால் வெளுக்கிறதா? வெளுத்தால் இரத்தக் குழாய் சம்பந்தப்பட்டது.

3. பரவலாக இருபுறமும் உள்ளதா, தனித்து உள்ளதா? பரவலாயின் இயல்பான கருமை, புகை, மருந்து, உடல்நோய் ஆகியவற்றை நினைக்க வேண்டும். தனித்ததாயின் பல் அடைப்புத் துகள், தட்டைப்புள்ளி, மச்சம் ஆகியவற்றை நினைப்பதுடன், ஆபத்தான புள்ளி அன்று என்பதையும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

4. எப்போது தோன்றியது? சிறுவயது முதல் மாறாமல் இருப்பதைப் பற்றிக் கவலை குறைவு. புதிதாகத் தோன்றியதைப் பற்றிக் கவனம் அதிகம்.

5. தட்டையா, மேடா? விரலால் தடவினால் கட்டி தென்படுகிறதா?

6. என்ன பழக்கம், என்ன மருந்து, என்ன தொழில், உடலில் வேறு என்ன குறை?

இவ்விடைகளுடன் மருத்துவரிடம் சென்றால் அவர் வேலை பாதி முடிந்துவிடும். தேவையானால் அவர் எக்ஸ்ரே எடுப்பார், இரத்தத்தைச் சோதிப்பார், மரத்துப்போகும் ஊசி போட்டுப் புள்ளியை எடுத்து நுண்பெருக்கிச் சோதனைக்கு அனுப்புவார். "கத்தி பட்டால் சாதாரணப் புள்ளியும் புற்றாகிவிடும்" என்று கிராமங்களில் சொல்வது தவறு. சோதனைக்காக எடுப்பதால் தீங்கற்ற புள்ளி புற்றாக மாறுவதில்லை. அஞ்சி ஒத்திப்போடுவதே கேடு.

ஐயத்திற்குரிய அடையாளங்கள்

நிறமி உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா எனப்படும். வாயினுள் அது மிக அரிது. உடலில் தோன்றும் மெலனோமாக்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே வாயில் தோன்றுகிறது. ஆனால் தோன்றினால் கொடியது. பெரும்பாலும் அண்ணத்திலும் மேல் ஈறுகளிலும் வருகிறது. வலியின்றி வருவதால் பலர் காலங்கடந்தே மருத்துவரை நாடுகின்றனர்.

புள்ளியின் ஒரு பாதி மறு பாதியை ஒத்திராமை, ஓரம் கிழிந்த துணிபோல் ஒழுங்கற்றிருத்தல், ஒரே புள்ளியில் கறுப்பு, பழுப்பு, சாம்பல், சிவப்பு எனப் பல நிறங்கள் கலந்திருத்தல், அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படுதல், நாளுக்கு நாள் மாறுதல் ஆகிய ஐந்தும் எச்சரிக்கைக் குறிகள். தடிப்பு, புண், இரத்தக் கசிவு, அருகிலுள்ள பல் காரணமின்றி ஆடுதல், கழுத்தில் கட்டி ஆகியவை தோன்றினால் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது.

கருமையைவிட அஞ்சத்தக்கவை

இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திக் கூற வேண்டும். நம் மக்கள் வாயில் கறுப்பைக் கண்டு அஞ்சுகின்றனர். ஆனால் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை மாய்க்கும் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வெண்திட்டாகவோ, செந்திட்டாகவோ, ஆறாத புண்ணாகவோதான் தொடங்குகிறது. துடைத்தும் போகாத வெண்திட்டு, வெல்வெட்டுத் துணிபோன்ற செந்திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றை எவரும் அலட்சியம் செய்யலாகாது. செந்திட்டு வெண்திட்டைவிட ஆபத்தானது.

கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் முழுவதும் திறக்க இயலாமற் போவது பாக்கு மெல்லுவதால் வரும் நோய். இதுவும் புற்றுநோய்க்கு முன்னோடியே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுமே" என்று ஆறுதல் அடைவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வாயைப் பார்ப்பதால் உயிர்கள் பிழைக்குமா என்று கேட்கலாம். அண்டை மாநிலமான கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறக்குறைய 1,90,000 பேர் இதில் அடங்குவர். 7 பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறை மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். இவர்கள் மருத்துவர்கள் அல்லர். எஞ்சிய 6 பஞ்சாயத்துகளில் இச்சோதனை நடைபெறவில்லை. 2005-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, சோதனை நடைபெற்ற பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. விலை மிகுந்த கருவிகள் இதற்குத் தேவைப்படவில்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணுமே போதுமானவையாக இருந்தன.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

30 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய்ச் சோதனை செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வருகின்றனர். ஆயினும் ஊழியர் வரும்போது வாயைத் திறக்க மக்கள் கூசினால் திட்டம் எவ்வாறு பயன்தரும்? இங்குதான் பஞ்சாயத்தின் பொறுப்பு தொடங்குகிறது.

கிராம சபை கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தினருடன் கலந்து பேசி வாய்ச் சோதனை முகாம் ஒன்றை ஏற்பாடு செய்யலாம். தலைவரும் அங்கத்தினர்களும் முதலில் தாமே வாயைத் திறந்து காட்டினால் மற்றவர் கூச்சம் தானே அகலும். பெண்களுக்கெனத் தனி இடமும், பெண் ஊழியரும் இருத்தல் நலம். மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டவர் உண்மையில் ஆஸ்பத்திரிக்குச் சென்றாரா என்று அந்தந்த வார்டு அங்கத்தினர் விசாரிக்க வேண்டும். முகாமில் கண்டுபிடித்து, பின்னர் விட்டுவிடுவது, விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாதது போன்றதாகும். ஒருவருடைய நோய் விவரத்தைப் பிறர் அறியச் சொல்லலாகாது என்பதும் முக்கியம்.

பள்ளிகளைச் சுற்றி 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள்களை விற்பதும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தங்கள் ஊர்க் கடைகளில் இச்சட்டம் நடைமுறையில் உள்ளதா என்று பஞ்சாயத்து கண்காணிக்கலாம். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

செய்யத்தகாதவையும் சில உண்டு. புள்ளியின்மேல் சுண்ணாம்போ, அமிலமோ, வேறு காரமோ வைக்கலாகாது. பிளேடு கொண்டு சுரண்டலாகாது. ஈறு வெளுக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளை நம்பிப் பணத்தை இழக்கலாகாது. பெண் பார்க்க வருவோர் ஈறுக் கருமையை ஒரு குறையாகச் சொன்னால், அது தோலின் நிறத்தைப் போன்ற இயற்கை அமைப்பே என்று எடுத்துரைப்பது ஊர்ப் பெரியோர் கடமை.

கறுப்பு என்பது நம் மண்ணுக்கும் நம் உடலுக்கும் இயற்கை தந்த நிறம். அதனை வாயில் கண்ட அளவில் அஞ்ச வேண்டுவதில்லை. புதிதா, மாறுகிறதா, தனித்ததா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவோமாக. வெள்ளையும் சிவப்பும் ஆறாத புண்ணும் கண்டால் ஐயமே வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வோமாக. மாட்டின் வாயைப் பார்க்கத் தெரிந்த நமக்கு நம் வாயைப் பார்த்துக்கொள்வது கடினமான காரியம் அன்று.